வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் ஊதும் சங்கு

கத்திரிவெயில் | சனி, காலை 9:12

நியூயார்க்கில், புரூக்ளினில், பரோ பார்க் ஓரமாக ஒரு மூன்றாவது மாடிக்குக் குடிவந்து பதினோரு நாள் ஆகிறது. நேற்று மாலை 4:10 இருக்கும். எட்டு மாதப் பிள்ளை ஒரு மணி நேரம் அழுது தீர்த்துவிட்டு அப்போதுதான் கண்ணை மூடினான். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிறேன், ஊதியது பாருங்கள் ஒரு சங்கு! ஆம்புலன்ஸ் இல்லை, தீயணைப்பு வண்டி இல்லை. அந்தக் காலத்து மில் சங்கு மாதிரி ஒரே சீராக, ஜன்னல் கண்ணாடி அதிரும்படி.

பிள்ளையை வாரிக்கொண்டு, வீட்டுக்காரர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அங்கே ஒருவரும் பதறவில்லை. கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர், தலை இன்னும் ஈரம், கையில் பூங்கொத்தோடு ஓட்டமும் நடையுமாகப் போனார். எதிர் வீட்டு அம்மாள் என் செருப்பைப் பார்த்துச் சிரித்து, "ஷபெஸ், ஷபெஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

யூதர்களின் ஓய்வுநாள் என்பது வரை எனக்குப் புரிகிறது. மற்றது புரியவில்லை. வாராவாரம் உண்டா? எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அப்புறம் சங்கு எதற்கு? புகார் கொடுத்தால் எடுபடுமா?

ஈரோட்டான் | சனி, காலை 9:40

வாராவாரம் உண்டு தங்கச்சி. பதினாலு வருஷமாகக் கேட்கிறேன்.

ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்குகிறது. அதற்கு 18 நிமிஷம் முன்னால் பெண்கள் மெழுகுவத்தி ஏற்றிவிடுவார்கள். அந்த நேரத்துக்குத்தான் சங்கு. டிசம்பர் தொடக்கத்தில் இங்கே 4:28க்கு இருட்டுகிறது, அதனால் உங்களுக்கு 4:10. ஜூன் மாதம் பாருங்கள், இரவு எட்டேகால் ஆகிவிடும். வாரத்துக்கு வாரம் நகர்ந்துகொண்டே இருக்கும். பிள்ளை தூங்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து வைத்தீர்களானால் மாட்டிக்கொள்வீர்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2025இல் யோம் கிப்பூர் என்ற யூத நோன்பு நாள் தொடங்கியது ஒரு புதன்கிழமை மாலை. யூதப் புத்தாண்டு அதற்கு ஒன்பது நாள் முன்பு, திங்கள் மாலை. பண்டிகைக்கும் ஏறக்குறைய ஓய்வுநாள் மாதிரியே தடைகள் இருப்பதால் அன்றும் ஊதும்.

நேர்பேச்சு | சனி, காலை 10:05

கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. புகார் கொடுக்கலாமா கூடாதா? அவர்கள் வீட்டில் விளக்கேற்றுவதற்கு என் காது எதற்குக் கிழிய வேண்டும்? நம்மூரில் ஆடி மாதம் கூம்பு ஒலிபெருக்கியோடு சண்டை போட்டு ஓய்ந்துபோய் இங்கே வந்தால், இங்கேயும் பக்தி சத்தம் போட்டுத்தான் வருகிறதா? கோவில், மசூதி, தேவாலயம், யூதர் தொழுகைக்கூடம், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள்.

குளச்சல்காரி | சனி, காலை 10:51

நான் ஜெருசலேமில் இருக்கிறேன். ஆறு வருஷமாக ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சவ்தா என்று கூப்பிடுவேன், பாட்டி என்று அர்த்தம். 91 வயது. இங்கே 18 நிமிஷம் இல்லை அக்கா, 40 நிமிஷம் முன்னாலேயே மெழுகுவத்தி. இந்த ஊர் வழக்கம் அப்படி. சங்கும் அந்தக் கணக்குத்தான்.

சங்கு எதற்கு என்று கேட்டீர்களே, எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். மத்தியானத்துக்குள் சமையல் முடிந்துவிட வேண்டும். பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் போட்ட பெரிய பானை சூட்டுத்தட்டின் மேல் ஏறிவிடும். மறுநாள் மதியம் வரை அதை அணைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. வெந்நீர்க் கலயத்தை நிரப்பி வைப்பேன். கழிவறைக் காகிதத்தைக் கூட முன்னாலேயே தாள் தாளாகக் கிழித்து அடுக்கி வைக்க வேண்டும், கிழிப்பதும் வேலையில் சேர்த்தி. ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் பல்புப் பொத்தானை டேப் போட்டு அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறந்ததும் விளக்கு எரியும், சவ்தா அந்தக் கதவைத் தொடவே மாட்டார். கூடத்து விளக்குக்கு டைமர்.

இதில் கடைசியாக எதையாவது மறந்திருப்பேன். சங்கு ஊதினால்தான் ஞாபகம் வரும், "ஐயோ டேப்!" என்று ஓடுவேன். சங்கு ஊதி முடிவதற்குள் ஒட்டிய நாளெல்லாம் உண்டு.

முதல் வாரம் நானும் உங்களை மாதிரித்தான். வேறு சத்தம் என்று நினைத்து சவ்தாவின் சக்கர நாற்காலியைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். ஏவுகணை வந்தால் ஜெருசலேமில் ஒதுங்குவதற்கு 90 வினாடிதான். அப்புறம் சவ்தா சொல்லிக்கொடுத்தார். சத்தம் ஏறி ஏறி இறங்கினால் படிக்கட்டு, ஒரே சீராக நீண்டால் மெழுகுவத்தி.

கத்திரிவெயில் | சனி, காலை 11:20

ஏறி இறங்காமல் சீராகத்தான் ஊதியது! இப்போது புரிகிறது. அந்த டைமரை ஒரு நாள் மறந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? சவ்தா உங்களிடம் "விளக்கைப் போடு" என்று சொல்லலாமா?

குளச்சல்காரி | சனி, காலை 11:34

சொல்லக் கூடாது. ஒரு நாள் அப்படித்தான் ஆனது. டைமர் வைக்க மறந்துபோய்க் கூடம் கும்மிருட்டு. சவ்தா என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "இன்றைக்கு இங்கே ரொம்ப இருட்டாக இருக்கிறது, இல்லையா?" என்றார். நான், "ஆமாம் சவ்தா, எனக்கும் கண் தெரியவில்லை, எனக்குப் படிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு எனக்காக விளக்கைப் போட்டுக்கொண்டேன். அந்த வெளிச்சத்தில் அவரும் சாப்பிட்டார். நான் படிக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பழைய ஓலை | சனி, பகல் 12:15

குளச்சல் அம்மணி செய்தது சரிதான், அதற்கு ஆதாரமே இருக்கிறது. யூதரல்லாத ஒருவர் தமக்காக ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தை யூதர் பயன்படுத்தலாம், யூதருக்காகவே ஏற்றியது என்றால் கூடாது என்று மிஷ்னா சொல்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுத்த சட்ட நூல். உங்கள் கூடத்து நாடகத்துக்கு வயது 1800 ஆண்டு.

சங்குக்கு வயது அதைவிட அதிகம். மிஷ்னாவை வைத்து யூத அறிஞர்கள் நடத்திய விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் ஒரு பகுதி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆட்டுக்கொம்பை ஆறு முறை ஊதுவார்களாம். முதல் ஊதலுக்கு வயலில் வேலை செய்பவர்கள் கொத்தையும் ஏரையும் நிறுத்த வேண்டும். ஊருக்குப் பக்கத்து வயல்காரர் உடனே வீட்டுக்குப் போய்விடக் கூடாது. தூரத்து வயல்காரர் வந்து சேரும்வரை நின்று, எல்லாரும் ஒன்றாக ஊருக்குள் நுழைய வேண்டும். பிந்தி வருபவரைப் பார்த்து, "இவன் ஊதிய பிறகும் உழுதுகொண்டிருந்தான்" என்று யாரும் வாயில் போட்டு மெல்லக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு என்று உரைகாரர் விளக்குகிறார். அதுவரைக்கும் கடைகள் திறந்துதான் இருக்கும். இரண்டாம் ஊதலுக்குக் கடை அடைப்பு. அப்போதும் அடுப்பில் வெந்நீரும் பானையும் இருக்கலாம். மூன்றாவதுக்குப் பானையை இறக்குகிறவர் இறக்கி, சூடு ஆறாமல் பொதிகிறவர் பொதிந்து, விளக்கேற்றுவார். பிறகு ஒரு சின்ன மீன் சுடும் நேரம், அல்லது அடுப்புச் சுவரில் ஒரு ரொட்டியை ஒட்டும் நேரம் பொறுத்து, கடைசி மூன்றையும் சேர்த்து ஊதுவார். அத்தோடு ஓய்வு.

நிமிஷக் கணக்கு இல்லாத காலத்தில் ஒரு சின்ன மீன்தான் கடிகாரம். இன்றைய 18 நிமிஷத்துக்கும் அதே குணம்தான். விளிம்பு வரைக்கும் போகாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுகொள்வது.

ஆய்வுக்கூட எலி | சனி, பகல் 12:48

ஐயா, அந்த ஊதுபவர் வீட்டுக்கு எப்போது போவார்? கடைசியாக ஊதி முடித்த அந்த நிமிஷமே ஓய்வுநாள் வந்துவிடுகிறதே. கொம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அதுவும் குற்றமாகிவிடாதா?

பழைய ஓலை | சனி, பகல் 1:10

அபாரமான கேள்வி, தம்பி. இதே கேள்வியைத் தல்மூதிலும் கேட்டிருக்கிறார்கள். கொம்பை வீட்டுக்குக் கொண்டுபோகவும் அவருக்கு நேரம் வேண்டுமே என்று ஒருவர் கேட்கிறார். அப்படியென்றால் ஆளுக்கு ஆள் நேரம் மாறிவிடும், அளவே இருக்காது என்று மற்றவர் மறுக்கிறார். முடிவு என்ன தெரியுமா? ஊதுபவருக்குக் கூரை மேலேயே ஒரு மறைவான இடம் உண்டு. ஊதி முடித்ததும் கொம்பை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான்.

"போன் இருக்கிறதே, சங்கு எதற்கு" என்ற கேள்விக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. ஓய்வுநாளில் பொத்தானை அழுத்தக் கூடாது. ஆகவே அதை அறிவிக்கும் பொத்தானை, அழுத்த இன்னும் அனுமதி இருக்கும்போதே அழுத்தியாக வேண்டும். அறிவிப்பவருக்கும் அந்தச் சட்டம்தான். உங்கள் போன் 4:10க்கு அடித்தால் நீங்கள் ஐந்து நிமிஷம் தள்ளிப் போடுவீர்கள், நானும் போடுவேன். ஊருக்குப் பொதுவாக ஊதிய சங்கைத் தள்ளிப் போட முடியாது. வயல்காரர்கள் ஒன்றாக உள்ளே வந்த கதைதான் இதுவும்.

நேர்பேச்சு | சனி, பகல் 1:31

இரண்டாயிரம் வருஷத்துக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரை மேல் நின்று ஒரு மனிதன் வாயால் ஊதும் ஆட்டுக்கொம்பும், மின்சாரத்தில் ஓடும் அபாயச் சங்கும் ஒன்றா? அந்தக் கொம்பு எத்தனை தெருவுக்குக் கேட்டிருக்கும்? அதோடு ஆதாரம் எல்லாம் ஏட்டில்தானே?

பழைய ஓலை | சனி, பகல் 2:02

ஏட்டில் மட்டும் இல்லை. 1968இல் ஜெருசலேமில், யூதர்களின் பழைய ஆலய மேடையின் தென்மேற்கு மூலைக்கடியில் தொல்லியல் அறிஞர் பெஞ்சமின் மசார் தோண்டியபோது ஒரு பெரிய கல் கிடைத்தது. கி.பி. 70இல் ரோமர்கள் இடித்துத் தள்ளியபோது மேலிருந்து விழுந்த கல். அதில் எபிரேய எழுத்தில் 'ஊதும் இடத்துக்கு' என்று பொறித்திருக்கிறது. அடுத்த சொல் பாதியில் உடைந்து நிற்கிறது. அந்த அரைச் சொல்லை எப்படி முடிப்பது என்று அறிஞர்களுக்குள் இன்றும் வழக்குத் தீரவில்லை. கல் இப்போது இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ரோமரோடு நடந்த அந்தப் போரை நேரில் பார்த்து எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், ஆலயத்தில் ஒரு உயரமான இடத்தில் ஆசாரியர் ஒருவர் நின்று, ஏழாம் நாள் தொடங்கும் மாலையிலும் முடியும் மாலையிலும் எக்காளம் ஊதுவது வழக்கம் என்கிறார். கல் விழுந்து கிடந்த மூலைக்குக் கீழே கடைத்தெரு. சத்தம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

கொம்பும் மின்சங்கும் ஒன்றா என்ற கேள்வி நியாயம்தான். அதில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

குளச்சல்காரி | சனி, பகல் 2:20

எங்கள் வேதாகமத்தில் மோசே இரண்டு வெள்ளிப் பூரிகை செய்ததாக எண்ணாகமத்தில் வரும். ஞாயிறு பள்ளியில் அதைப் படித்தபோது பூரிகை என்றால் பூரி சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாள் ஏன் மாலையில் தொடங்குகிறது என்பதற்கும் சவ்தா ஆதியாகமத்தைத்தான் காட்டினார்: "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று." சாயங்காலம்தான் முதலில். எத்தனை தடவை படித்திருப்பேன், கண்ணில் பட்டதே இல்லை.

ஆய்வுக்கூட எலி | சனி, பகல் 2:55

நேர்பேச்சு அண்ணன் கேட்ட அளவுகோல் விஷயத்துக்கு வருகிறேன். நான் 2015 முதல் மூன்று வருஷம் ஜெருசலேமில் ஆராய்ச்சி வேலையில் இருந்தேன். மசூதிகளில் பாங்கு சொல்ல ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று அப்போது நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். வார்த்தைக்கு மசூதி என்று இல்லை, எல்லா வழிபாட்டு இடத்துக்கும் பொதுவாக எழுதியிருந்தார்கள். 2016 நவம்பரில் அதை முட்டுக்கட்டை போட்டு நிறுத்தியவர் யார்? தீவிர ஆசார யூதக் கட்சியின் அமைச்சர் யாகோவ் லிட்ஸ்மன். பாங்கு மேல் பாசம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இந்தச் சட்டம் வந்தால் நம் வெள்ளிக்கிழமைச் சங்கும் சேர்ந்து போய்விடும் என்ற பயம்!

அப்புறம் என்ன செய்தார்கள்? இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை மட்டும் தடை என்று திருத்தினார்கள். சங்கு ஊதுவது மாலையில், தப்பித்தது. விடியற்காலைப் பாங்கு மட்டும் அகப்பட்டுக்கொண்டது. அவரும் எதிர்ப்பை விலக்கிக்கொண்டார். 2017 மார்ச்சில் முதல் வாக்கெடுப்பு வரை தேறியது, அரபு உறுப்பினர்கள் அவையிலேயே மசோதா காகிதத்தைக் கிழித்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு அது சட்டமாகாமலே கிடந்துபோனது.

அண்ணன் கேட்ட ஒரே அளவுகோலை ஒரு நாடு எழுதிப் பார்த்தது. அது யார் மேல் விழும், யாருக்கு விலக்கு கிடைக்கும் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நேர்பேச்சு | சனி, மாலை 3:14

இதை நான் கேள்விப்பட்டதில்லை. சரி, அந்தச் சட்டம் யோக்கியமானது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது என் பக்கத்துக்கும் வலு சேர்க்கிறது. தன் சத்தம் வழிபாடு, அடுத்தவன் சத்தம் இரைச்சல் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்.

காயல்பட்டணத்தான் | சனி, மாலை 3:40

ஜெருசலேம் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதே ஊரில் ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஒரு பீரங்கி வெடிக்கும். சலாஹுத்தீன் தெருவில் உள்ள கபரஸ்தானில் இருக்கிறது. துருக்கியர் ஆண்ட காலத்து வழக்கம், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் பொறுப்பு. ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமைகளில் சூரியன் மறைய 40 நிமிஷம் இருக்கும்போது மேற்கே சங்கு, மறைந்ததும் கிழக்கே வெடி. ஒரே சூரியன்தான். அங்கே அடுப்பை அணைக்கச் சொல்கிறது, இங்கே பேரீச்சம்பழத்தை வாயில் போடச் சொல்கிறது.

என் சின்னம்மாவுக்கு இப்போதும் போன் பாங்கு போதாது. பள்ளிவாசல் சத்தம் காதில் விழுந்தால்தான் கஞ்சிக் கிண்ணத்தைத் தொடுவார்.

ஈரோட்டான் | சனி, மாலை 4:02

நம்ம தேசத்து யூதர்களையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கொங்கணக் கரையில் செக்கு ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் மக்களுக்குச் 'சனிவார் தேலி' என்றே பெயர், சனிக்கிழமை செக்கைத் தொடாத எண்ணெய்க்காரர்கள். யாரும் சங்கு ஊதவில்லை. செக்குச் சத்தம் நின்றதை வைத்தே அக்கம்பக்கம் கண்டுகொண்டது.

ஆய்வுக்கூட எலி | சனி, மாலை 4:30

சத்தம் நிற்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் வேலை செய்த கூடத்தில் ஒரு மூத்த பேராசிரியர் சொன்னது. 1973 அக்டோபர் 6, யோம் கிப்பூர். வருஷத்திலேயே அமைதியான நாள், பேருந்து ஓடாது, வானொலி கூடப் பேசாது. அவருக்கு அப்போது பதினொரு வயது. தொழுகைக்கூட வாசலில் பையன்களோடு நின்றிருந்தாராம். மதியம் 2 மணிக்குச் சங்கு ஊதியது. "நோன்பு இன்னும் முடியவில்லையே, அதற்குள் ஏன் ஊதுகிறார்கள்" என்றுதான் பையன்களுக்குத் தோன்றியதாம். உள்ளே பெரியவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது ஏறி இறங்குகிறது என்பது காதில் பட்டதாம். தெருவில் கார் ஓடியது, வானொலி பேசியது, தொழுகைச் சால்வையோடு ஆட்கள் வண்டி ஏறிப் போனார்கள். எகிப்தும் சிரியாவும் இரண்டு பக்கமும் தாக்கத் தொடங்கியிருந்தன.

குளச்சல்காரி | சனி, மாலை 4:41

சவ்தாவும் அந்த நாளைச் சொல்வார். ஆனால் முழுதாகச் சொன்னதில்லை.

கத்திரிவெயில் | ஞாயிறு, காலை 10:25

ஒரே நாளில் இத்தனை விஷயமா! எல்லாருக்கும் நன்றி. பழைய ஓலை ஐயா, அந்தக் கூரை மேல் கொம்பு விஷயம் ராத்திரி முழுக்க மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

இன்று காலை ஒரு காரியம் செய்தேன். நேற்று அவர்கள் கதவைத் தட்டவோ அழைப்பு மணி அடிக்கவோ தயக்கமாக இருந்ததால் இன்று வரை காத்திருந்து, எதிர் வீட்டு அம்மாளிடம் போனேன். பிள்ளை எழுந்துவிட்டதைச் சொன்னேன். அந்த அம்மாளுக்கு ஒன்பது பிள்ளைகள். "என் பிள்ளைகள் யாரும் அதற்கு எழுவதில்லை, மூன்று மாதத்தில் பழகிவிடும்" என்றார். பிறகு உள்ளே போய், மீன் கடையில் கொடுத்த காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தார். ஒவ்வொரு வெள்ளிக்கும் பக்கத்தில் சின்னதாக மெழுகுவத்திப் படம், கீழே நேரம். என்னைக் கிண்டல் செய்யாமல் இருப்பாரா? "செருப்பு போட்டுக்கொள்ள நேரம் கிடைக்கும்" என்றார்.

புகார் கொடுக்கப் போவதில்லை. நேர்பேச்சு அண்ணன் சொல்வதில் நியாயம் இல்லை என்பதால் அல்ல. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர், போர் பார்த்து வந்தவர் இந்தத் தெருவில் இருந்தால் அவர்களுக்கு இது வேறு மாதிரிக் கேட்கும். எனக்கு வாரத்தில் ஒரு நிமிஷம், அவ்வளவுதான்.

நேர்பேச்சு | ஞாயிறு, காலை 10:50

தங்கச்சி கொடுக்காவிட்டால் போகட்டும். நான் அங்கே குடியிருந்தால் கொடுத்திருப்பேன். அந்தக் காலண்டரில் அடுத்த வெள்ளிக்கு என்ன போட்டிருக்கிறது?

கத்திரிவெயில் | ஞாயிறு, காலை 10:58

4:11. இந்த வாரத்தைவிட ஒரு நிமிஷம்தான் வித்தியாசம். நான்கரை வரைக்கும் தூங்கவிடாமல் மடியில் வைத்து வேடிக்கை காட்டப் போகிறேன். ஊதும்போது ஜன்னலோரம் நின்று அந்தப் பூங்கொத்துக்காரர் இந்த வாரமும் ஓடுகிறாரா என்று பார்க்க வேண்டும்.